பைனல் என்று பேர் வைத்த பாதிக் கதை

பிளக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள் பிறந்தநாளுக்கும் எழுதுவாள், இழவுக்கும் எழுதுவாள். தனக்கென்று ஒரு பக்கம் எழுதத்தான் கை வராது. பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு, தச்சநல்லூரில் அப்படி ஒரு கடையில் பேனருக்கு வாசகம் எழுதுகிறேன். காலையில் மிஷின் போடும் முன்னால் தினமும் கொஞ்சம் கதை எழுதுவது என்று முடிவெடுத்தேன். நீங்களும் எடுத்திருப்பீர்கள். அது எத்தனை நாள் தாங்கியது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

முதல் நாள்

கம்ப்யூட்டரில் தலைப்பு அடித்தேன். கீழே என் பெயர். சின்னதாகத் தெரிந்தது, பெரிதாக்கினேன். நிழல் கொடுத்தேன், ஓரத்தில் தங்கக் கலர் இழுத்தேன். முதல் வரி மட்டும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் 'இதெல்லாம் ஒரு வரியா' என்று நானே அழித்தேன். பக்கத்து சீட்டில் டிசைன் போடும் செல்வி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"தலைப்பு இருக்கு, பேரு இருக்கு. ஒரு போட்டோவையும் வச்சிட்டா முச்சந்தியில கட்டிரலாம், என்னட்டி?"

மாமனார்

மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க ஒருத்தர் வந்தார். 'மறைந்தாலும் மறையாத' என்று எல்லோருக்கும் போடுவதையே போட எனக்கு வெட்கம். இலக்கியம் படைக்கிறவள் இல்லையா? அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். வாசலுக்கும் என் நாற்காலிக்கும் நடந்து ஓய்ந்த மனுஷன், கடைசியில் என் பின்னால் வந்து நின்று பையச் சொன்னார்.

"ஏ பிள்ள, நாலு மணிக்கு எடுத்துருவாங்க. நீ நல்லா எழுதுத வரைக்கும் எங்க மாமா படுத்துக் கெடக்க மாட்டாரு."

எட்டடிக்கு ஆறடி

மறுநாள் என் கதைக்கும் ஒரு பிணம் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். குப்பையோ என்னவோ, வந்ததை அடித்தேன், அழிக்கவில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏற வந்த ஒருத்தியின் கதை. ஒரு வாரம் ஓடியது. அப்புறம் பழைய வியாதி. இதை யார் படிக்கப் போகிறார்கள்? அவளை பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டு, பைலுக்கு 'பைனல்' என்று பேர் வைத்து மூடினேன்.

கடையில் எல்லாப் பைலுக்கும் அதுதான் பேர். அன்றைக்கு ஒரு கல்யாண பேனரும் 'பைனல்'. செல்வி அக்கா எதை மிஷினுக்கு அனுப்பினாள் என்று சொல்ல வேண்டுமா? எட்டடிக்கு ஆறடி, என் கதை வந்து விழுந்தது. முதலாளி அண்ணாச்சி நின்று முழுக்கப் படித்தார்.

"இம்புட்டு எழுதியிருக்க, இதுல மாப்பிள்ளை பேரு எங்கட்டி?"

டீக்கடை

வீணாய்ப்போன பிளக்ஸை எங்கள் கடையில் எறிவதில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் வெயிலுக்குக் கட்ட வாங்கிப் போனார். எழுத்து உள்பக்கம் தெரிகிற மாதிரி கட்டிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் என் கதை. அவமானம் தாங்காமல் சுற்று வழியில் வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் டீக்கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாராட்டத்தான் போகிறார் என்று ஒரு நப்பாசை.

"நடுவுல மழையப் பத்தி எழுதியிருக்கியே, அது சவசவன்னு கெடக்கு. அத விடு. அவ பஸ் ஏறுனாளா இல்லையான்னு டீ குடிக்க வாறவன்லாம் என்னையப் பிடிச்சுக் கேக்கான். எனக்கென்ன தெரியும்? மீதிய எழுதிக் கொண்டாந்து கட்டு பிள்ள."

இப்போது தினமும் காலையில் எழுதிவிடுகிறேன். தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், மீதி எழுதாமல் டீக்கடையைத் தாண்ட முடியாது, சுற்று வழி ரொம்பத் தூரம்.