அர்த்தம் தெரியாமல் பாடிய பாட்டு

அறுபதுகளின் கடைசியில் வடக்குப்பட்டுப் பக்கம் நர்ஸாக இருந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். கிராம சுகாதார வேலைக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், இரண்டு வருஷம் உங்களோடு தங்கட்டும் என்றார் டாக்டர். வெள்ளைக்காரியைப் பார்க்கத் தெருவே கூடியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவளோ எங்களைப் போல மாநிறம். கருகருவென்று நீளமான முடி.

"இன்னாடி இது, வாலாஜாபாத் பொண்ணு மாதிரி கீறா?" என்றாள் அம்மா. அன்றைக்கே அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அவள் சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி இனம். வெள்ளைக்காரர்கள் வருமுன்பே அந்த மண்ணில் மக்காச்சோளம் விதைத்து வாழ்ந்தவர்கள். மிசிசிப்பியில் இருந்த அவர்கள் நிலத்தைப் பறித்துக்கொண்டு, கடுங்குளிரில் மேற்கே விரட்டினார்களாம். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்களின் வம்சத்தில், ஓக்லஹோமாவில் பிறந்தவள் இவள்.

தமிழை அம்மாவிடம்தான் கற்றாள். அதனால் டாக்டரிடமே "இன்னா சார்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் சர்ச்சில் அவளை அவள் பாஷையில் பாடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மெதுவான, இழுத்துப் பாடும் பாட்டு. அழுத குழந்தைகூட அடங்கிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் அம்மா கேட்டாள். "நல்லா பாட்ன கண்ணு. அதுக்கு இன்னா அர்த்தம்?"

"தெரியாதும்மா."

"உன் பாஷைதானே?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அவளுடைய அம்மாவைச் சின்ன வயதில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே சாக்டா பேசினால் வாயில் சோப்பைத் திணிப்பார்களாம். தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று அந்த அம்மா வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் பேசியிருக்கிறார். சர்ச் பாட்டுகளில் மட்டும் பாஷை மிஞ்சியது. இவள் காதால் கேட்டு மனப்பாடம் செய்தவள்.

இதைக் கேட்டு என் அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"உங்கம்மா உசுரோட கீறாங்க இல்ல?"

"கீறாங்க."

"அப்ப போய்க் கேளு. அப்பால யாரைக் கேப்ப?"

எனக்குச் சுருக்கென்றது. "சாப்பிடற நேரத்துல ஏம்மா..." என்றேன்.

"இல்லக்கா, அம்மா சொல்றது கரெக்ட்டு" என்றாள் அவள்.

எண்பதுகளில் எங்களைப் பார்க்க மறுபடி வந்தாள். முன்முடி நரைத்திருந்தது, தமிழ் அப்படியே இருந்தது.

"மொதல்ல எங்கம்மா வாயே தொறக்கல. 'உனக்கு எதுக்கு அது'ன்னு கோவம் வேற. நானும் வுடாம தெனமும் கிச்சன்ல போய் உக்காந்துக்குவேன். ஒரு நாளு மாவை சோளத் தோகையில வச்சி அவிக்கறதுக்குக் கட்டிகினு இருந்தவங்க, தோகைக்கு சாக்டா பேரைச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கே தெரியாம வந்துடுச்சி. அப்பறம் ரெண்டு பேரும் அழுதோம்."

அந்தப் பாட்டு, நடந்து களைத்தவர்களோடு கடவுளும் சேர்ந்து நடப்பதைப் பற்றியதாம். இப்போது அம்மாவும் மகளும் சேர்ந்து சர்ச்சில் பிள்ளைகளுக்குச் சாக்டா சொல்லிக்கொடுக்கிறார்கள். இளைஞர்கள் பழைய ஆட்டங்களை மறுபடி ஆடுகிறார்கள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"தப்பா பேசினா உங்கம்மா திட்டுவாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"தெனமும்."

"இன்னான்னு திட்டுவாங்க? சொல்லேன்."

அவள் சாக்டாவிலேயே சொன்னாள். அம்மா இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, வாசலில் காய்ந்த நெல்லில் வாய் வைத்த ஆட்டைப் பார்த்து அதையே உரக்கக் கத்தினாள். ஆடு துள்ளி ஓடியது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததில், உள்ளே பால் பொங்கி வழிந்ததை நானும் கவனிக்கவில்லை.