புள்ளடி போடத் தெரிந்தால் காணுமா?

போன உள்ளூராட்சித் தேர்தல் சமயம் நடந்தது இது. மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டிப் பக்கம் எங்கள் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு. காலையில் ஒரு கட்சி, பின்னேரம் ஒரு கட்சி என்று ஆட்கள் வந்து போன காலம். மீன்காரர் வராத நாள் இருந்தது, வேட்பாளர் வராத நாள் இருக்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். அதில் நான் தலையிடுவதில்லை.

குர்ஆன் நன்றாக ஓதுவேன். ஆனால் ஓதுவது வேறு, வாசிப்பது வேறு. தொண்ணூறில், சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை வெளியேற்ற, ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போனபோது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது எனக்கு. அங்கே முகாமில் இருந்துகொண்டு உம்மா வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனா. தம்பி தங்கச்சிமாரைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். பின்னேரம் ஓதப் போவதற்கு மட்டும் விட்டார்கள். அப்படியே வளர்ந்து, கலியாணம் முடித்து, சண்டை ஓய்ந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

எழுத்து இல்லையே என்று நான் அதிகம் கவலைப்பட்டதில்லை. பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவேன், மருந்தின் நிறத்தைப் பார்த்து விழுங்குவேன். மகன் கட்டாருக்குப் போன பிறகுதான் மனம் கிடந்து அடித்தது. எனக்கு அவன் குரலில் பேசி அனுப்புவான். சுகமாக இருக்கிறேன் உம்மா, சாப்பாடு நல்லம் உம்மா, அவ்வளவுதான். மகளுக்கு எழுதி அனுப்புவான். போனில் பார்த்தால் அந்தச் செய்தி கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். மகள் வாசித்தால் மட்டும், உங்களைச் சுகம் கேட்டான் உம்மா என்று சட்டென முடிந்துவிடும். இதை நான் சொல்லும்போது அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். கோபம் ஒன்றும் இல்லை. என் பிள்ளை எழுதியதை என் கண்ணால் ஒருதரம் வாசித்துவிட வேண்டும் என்ற ஆசைதான். அந்த ஆசை எனக்குப் பசி போல இருக்கிறது.

அதற்கு ஒரு வழியும் வந்தது. எங்கள் முன்பள்ளிக் கட்டடத்தில், பிள்ளைகள் போன பிறகு, ஒரு ஆசிரியை பெண்களுக்கு எழுத்துப் படிப்பித்தார். முதல் நாள் புத்தகத்தைத் தந்ததும் நான் பின்னட்டைப் பக்கமாகத் திறந்து, வரியின் வலது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வலமிருந்து இடமாகப் போகும் அறபு எழுத்தில் பழகிய விரல், அதற்கு வேறு பக்கம் தெரியாது. சுற்றிப் பார்த்தால் என்னைப் போல இன்னும் சிலருடைய விரலும் அங்கேதான் நின்றது. ஆசிரியையும் சேர்ந்து எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். என் மகனின் பெயரில் உள்ள எழுத்துகள் எல்லாம் வந்து முடியுமுன்னே ஆசிரியைக்குத் தூர இடத்துக்கு மாற்றம் வந்தது. வகுப்பும் அதோடு நின்றது. இன்றும் அவன் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அதனால்தான் தேர்தல் வந்ததும் எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. வகுப்பில் இருந்த பெண்கள் கூடிப் பேசினோம். தெருவுக்கு விளக்குக் கேட்பவர்கள் கேட்கட்டும், நாங்கள் இந்த வகுப்பைக் கேட்போம், தருவேன் என்கிறவருக்கு வாக்குப் போடுவோம் என்று முடிவு செய்தோம். கேட்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள், எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று.

முதலில் வந்தவர் பெரிய ஆள், பின்னால் ஒரு கூட்டம். ஆசிரியை சொன்ன சொல் ஞாபகம் இருந்தது. முதியோர் கல்வி பற்றி உங்கள் முடிவு என்ன என்று மரியாதையாகக் கேட்டேன். முதியோர் என்ற சொல்லோடு அவருடைய காது மூடிக்கொண்டதோ என்னவோ, முதியோருக்கு ஓய்வு மண்டபம் கட்டப் போவதாகவும், மூக்குக் கண்ணாடியும் ஊன்றுகோலும் தரப் போவதாகவும் மளமளவென்று சொன்னார். என் பெயரையும் எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்றவரிடம் கைகாட்டினார். நாற்பதைத் தாண்டினதும் எனக்கு ஊன்றுகோல் கிடைத்த கதையை ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்ததாக வந்தவர் இளம் ஆள். இந்தமுறை நான் சுற்றி வளைக்காமல், எழுத வாசிக்கப் படிப்பியுங்கோ என்று நேராகவே கேட்டேன். போன் இருக்கும் காலத்தில் எழுத்து எதற்கு, பேசி அனுப்பலாமே என்றார். பிறகு வாக்குச்சீட்டின் மாதிரி ஒன்றை எடுத்து, தங்கள் சின்னத்துக்கு முன்னால் எப்படி இரண்டு கோட்டைக் குறுக்கே கீற வேண்டும் என்று விளக்கினார். அந்தக் குறியைத்தான் நாங்கள் புள்ளடி என்போம்.

"எழுத்து இல்லாட்டிப் பரவாயில்லை ராத்தா. எங்கட சின்னத்தைப் பாத்துப் புள்ளடி போடத் தெரிஞ்சாக் காணும்" என்றார்.

அக்கா முறை வைத்து ராத்தா என்று நல்ல மனதோடுதான் சொன்னார் போலும். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று ஒரு பிள்ளை வந்து அளந்து தந்துவிட்டுப் போனது போல இருந்தது.

பிறகு ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம், ஒரு பெண் வேட்பாளர் வந்தாள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள், என்னைவிட இளையவள். பெண்களையும் பட்டியலில் போட வேண்டும் என்று சட்டம் இருப்பதால் அவளைப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் கதை. கூட வந்த ஆண்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட, அவள் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டில் நின்றாள். வழக்கம்போல வகுப்பைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிப்போய், எல்லாம் இதில் இருக்கிறது என்று துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். வாசிக்கத் தெரியாமல்தானே வகுப்புக் கேட்கிறேன், நீயே வாசித்துக் காட்டு என்றேன்.

கதிரையில் உட்கார்ந்து கடகடவென்று சொல்லத் தொடங்கினாள். ஒரு பிழை இல்லை. ஆனால் அவளுடைய விரல் வரியின் வலது பக்கத்தில் இருந்து புறப்பட்டு இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த விரலைத் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னேன்.

"தங்கச்சி, தமிழ் மற்றப் பக்கத்தால தொடங்கும்."

அவளுடைய விரல் அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது. தானும் முகாமில் வளர்ந்தவள், சின்னதிலேயே ஆட்கள் வீட்டு வேலைக்குப் போனவள், கையெழுத்து மட்டும் படம் கீறுவது போலப் பழகி வைத்திருக்கிறாள் என்று தணிந்த குரலில் சொன்னாள். பிரசுரத்தில் இருப்பதைப் புருஷன் வாசிக்கக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறாள். வெளியே ஆண்களின் சத்தம் கேட்டதும் எழுந்தாள்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதீங்கோ ராத்தா. வகுப்புத் தொடங்கினா எனக்கும் ஒரு இடம் வையுங்கோ" என்றாள்.

வாக்குக் கேட்க வந்தவள் வகுப்பில் இடம் கேட்டுவிட்டுப் போனாள். நான் யாருக்குப் புள்ளடி போட்டேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே விளங்கியிருக்கும்.

பெண்களுக்கென்று வந்த ஓர் இடம் அவளுக்குக் கிடைத்தது. சபைக்குப் போன பிறகு பெரிய ஆளாகிவிடுவாள், நம்மை எங்கே நினைக்கப் போகிறாள் என்று நான்கூட நினைத்தேன். ஒருநாள் மகள் போனைக் கொண்டு ஓடி வந்தாள். சபைக் கூட்டத்தை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதில் அந்தப் பெண் எழுந்து நின்று எங்கள் வகுப்பைத் திரும்ப நடத்தும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கடதாசி ஒன்றும் இல்லை. ஒரு உறுப்பினர் சிரித்துக்கொண்டே, இந்தக் காலத்தில் எழுத வாசிக்கத் தெரியாமல் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். தலையில் இருந்த முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்:

"நான் இருக்கிறன்."

சிரித்தவர் சிரிப்பை விழுங்கிவிட்டார். கூட்டத்தை நடத்திய தவிசாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதி வந்தால் பார்ப்போம் என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் வாயை மூடச் சொன்னவள், ஊர் பார்க்க அதைத் தானே சொல்லிவிட்டாள். அந்தப் படத்துக்குக் கீழே ஆட்கள் நிறைய எழுதியிருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். நல்லாத்தான் உம்மா எழுதியிருக்கு என்று மகள் போனைத் திருப்பி வைத்துவிட்டாள்.

நிதி இன்னும் வரவில்லை. முன்பள்ளிக் கட்டடம் பின்னேரங்களில் பூட்டித்தான் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது யன்னலால் எட்டிப் பார்ப்பேன், கரும்பலகையில் சின்னப் பிள்ளைகளின் பூவும் மீனும்தான் இருக்கும். சபைக்குப் போனவள் சில நாள்களில் எங்கள் வீட்டுக்கு வருவாள். திரும்பவும் கேட்டேன் ராத்தா, திரும்பவும் பார்ப்போம் என்றார்கள் என்பாள். இதைப் பத்திரிகைக்குச் சொல்லப் போகிறேன் என்றதும், தாராளமாகச் சொல்லுங்கோ என்றாள்.

நேற்று மகளிடம், அவள் சபையில் சொன்ன அந்த இரண்டு சொல்லையும் பெரிதாக எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பது மட்டும்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் கண்ணுக்கு இன்னும் வளைவும் சுழியும்தான். ஆனாலும் அது அவளுக்கு மட்டும் உரிய சொல் இல்லை, எனக்கும் உரியது. அதை ஒருநாள் யாரும் சொல்லித் தராமல் நானே வாசித்துவிட வேண்டும் என்று விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.