தெருவுக்கு ஒரு முகம், கிழக்குக்கு ஒரு முகம்

கடந்த மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, டென்மார்க்கின் பிரெடெரிசியாவிலிருந்து தலைநகர் கோபன்ஹேகன் போய் ஒரு யூத ஜெபாலயம் பார்த்துவந்தேன். பக்தியால் அல்ல, தலையிடியால். எங்கள் கோயிலுக்கு வாங்கிய காணியில் கட்டடத்தின் முகப்பு தெருவோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பது கொம்யூனின், அதாவது நகரசபையின், விதி. தெருவோ கோணலாக ஓடுகிறது. அம்மன் நேர் கிழக்கே பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டு வரைபடங்கள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் வந்தால் காணியை விற்றுவிடுவோம் என்று நிர்வாக சபை சொல்லிவிட்டது. வரைபடம் கீறுகிற பாவி நான்தான். யூதர்களும் திசை பார்த்தே தொழுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் புறப்பட்டேன்.

காலை 7.40 ரயில். ஏறத்தாழ 210 கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலம். முன்கூட்டியே எடுத்ததால் டிக்கெட் 149 குரோனர். துணைக்கு அன்ரன் வந்தான். மன்னார்க் கத்தோலிக்கன், என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய மஞ்சள் செங்கல் கட்டடம். பக்கத்து மாடிவீடுகளோடு ஒரே வரிசை, ஒரே உயரம். நாங்கள் ஒருமுறை தாண்டியே போய்விட்டோம்! அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். பழக்கம் விடுமா? நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். அன்ரன் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினான். சுற்றிக்காட்ட வந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இங்கே சப்பாத்து காலில், தொப்பி தலையில் என்று டேனிஷில் சொன்னார்.

"ரெண்டு பேரும் பெயில், மச்சான்," என்றான் அன்ரன்.

உள்ளே போனதும் திகைத்துப்போனேன். மண்டபம் தெருவோடு நேராக இல்லை, திரும்பி நிற்கிறது. அவர்கள் ஜெருசலேமைப் பார்த்துத்தான் தொழ வேண்டுமாம், அது இங்கிருந்து தென்கிழக்கே இருக்கிறதாம். வெளிச்சுவர் நகரத்துக்கு, உள்மண்டபம் எங்களுக்கு என்றார் அந்த அம்மா. இரண்டுக்கும் இடையில் மிஞ்சிய முக்கோணத்தில் கோட் கொக்கிகள், கோப்பி மேசை. தொழுகை முடிந்தாலும் இந்த மூலையை விட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை என்று சிரித்தார்.

"அன்ரன், பிடிச்சிட்டன்ரா!" என்று கத்திவிட்டேன்.

"மெல்லக் கதை, கோயிலடா."

திரும்பும் ரயிலில், சாண்ட்விச் சுற்றிய கடதாசியில் மூன்றாவது வரைபடம் பிறந்தது.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அடையாள அட்டை அவசியம், பெரிய பை வேண்டாம். சனிக்கிழமை அவர்களின் ஓய்வுநாள், அன்றைக்குச் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள்.

போன கிழமை கொம்யூனின் கடிதம் வந்தது. அனுமதி! வாசித்துவிட்டு அழுதேன், சொல்ல வெட்கமில்லை. சுவர் தெருவோடு நிற்கும், அம்மன் கிழக்கே பார்ப்பாள். இடையில் மிஞ்சும் முக்கோணத்துக்கு எங்கள் சனம் இப்போதே பெயர் வைத்துவிட்டது: சப்பாத்து மண்டபம். அன்ரன் மட்டும் அதில் ஒரு கொக்கி கேட்டிருக்கிறான், தன் தொப்பிக்கு.