சம்பந்திக்குக் கொடுத்த சைக்கிள் ட்யூப்

என் பேத்தி பிறந்து நாலு மாதம். அவளைப் போல ஒரு அழகு உலகத்திலேயே கிடையாது. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது என் சம்பந்தியைப் பற்றி.

அவர் தையல்காரர். மாடியில் பலகைத் தரை போட்ட ஒரே அறை. தையல் மிஷின், மரத் தொட்டில், பழைய ரெக்கார்டு பிளேயர் எல்லாம் அதில்தான். என் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் குழந்தை அவர் பொறுப்பு. பாட்டு ஓடினால்தான் தூங்குவாள். மிஷினை மிதித்தாலோ தரை அதிரும், ரெக்கார்டில் முள் தாவும், இவள் வீரிட்டு எழுவாள். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பள்ளிச் சட்டை கொடுக்க வேண்டும். புதன்கிழமை காலைவரை ஆறுதான் முடிந்திருந்தது.

அன்று பேத்தியைப் பார்க்க நான் சைக்கிளில் போயிருந்தேன். சம்பந்தி பிளேயருக்கு அடியில் தலையணை வைத்தார். ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி நாலு மூலைக்கும் வைத்தார். அது தள்ளாடியது.

"என்ன சம்பந்தி, பிளேயரையும் தொட்டில்ல போட்டுட்டீங்களா?" என்றேன்.

"கிண்டல் அப்புறம். உங்க சைக்கிள் ட்யூபைக் கழட்டிக் கொடுங்க."

"அப்ப நான் எதுல வீட்டுக்குப் போறது?"

"பேத்திக்காக நடக்க மாட்டீங்களா?"

கழட்டிக் கொடுத்தேன். பாதிக் காற்று அடித்து, மடித்து வட்டமாக்கி, மேலே ஒரு கனமான கல் பலகை, அதன் மேல் பிளேயர். மிஷினை மிதித்தார். முள் அசையவில்லை, குழந்தையும் கண்ணைத் திறக்கவில்லை!

அதோடு விட்டிருக்கலாம். மனுஷருக்குக் குஷி தாங்கவில்லை. பழைய செருப்பை வெட்டி மிஷின் காலுக்கும் ரப்பர் வைத்தார். தரை கப்சிப். பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. குழந்தையோ தொண்டை கிழியக் கத்துகிறாள். தூக்கினோம், நடந்தோம், துணி மாற்றினோம். ம்ஹூம்.

"முப்பத்தி நாலு சட்டை பாக்கி, சம்பந்தி," என்றார்.

ரப்பரில் மிஷின் கோணலாக நின்றது. ஆத்திரத்தில் ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிதித்தார். தரை அதிர்ந்தது, தொட்டில் அதிர்ந்தது. குழாயை மூடினதுபோல அழுகை நின்றது.

என் மகள் மாசமாக இருந்தபோது, அந்த மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பட்டன் தைப்பாள். உள்ளே இருந்தபடியே குட்டி அந்த அதிர்வுக்குப் பழகியிருக்கிறாள். இத்தனை நாள் அவளை எழுப்பினது அதிர்வு இல்லை, முள் தாவினதுதான்.

வெள்ளிக்கிழமை நாற்பது சட்டையும் போய்விட்டன. ட்யூபைக் கேட்டேன்.

"மெதுவாப் பேசுங்க, தூங்குறா," என்றார்.

நடந்தே வீட்டுக்குப் போனேன்.