தபால்பெட்டியும் நண்டும்

பை தைக்கும் பட்டறையில் அவளுடைய வேலை தோள்வார் தைப்பது. அவள் தைத்த வார் அறுந்துபோனதாக இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. அப்படிப்பட்டவளைத்தான் கயிற்றைக் கைவிட்டுப் புருஷனை முடமாக்கியவள் என்று சொந்தக்காரர்கள் ஒரு வருஷமாக வாய் ஓயாமல் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அவன் விழுந்த பாறைப் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை.

புருஷன் லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாறை ஏறக் கிளம்பிவிடுவான். கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் சிமெண்ட். அவர்கள் ஏறுவது பாறையில் மேலும் கீழுமாக ஓடும் வெடிப்புகளில். வெடிப்புக்குள் கையை விட்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கை இறுகியதும் அதை நம்பி உடம்பைத் தூக்க வேண்டும். முதலில் ஏறுகிறவர் வழிநெடுக அதே வெடிப்பில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, அதில் தன் கயிற்றை மாட்டிக்கொண்டு போவார்; அவர் விழுந்தால் கீழே நிற்கிறவர் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார். கருவியின் விசையை இழுத்தால் பற்கள் சுருங்கும், விட்டால் விரிந்து கவ்விக்கொள்ளும். வளைக்குள் ஒண்டிக்கொள்வதால் அதற்கு நண்டு என்று பெயர். பாறையில் ஆணி அடிப்பது இவர்களிடம் மகா பாவம். நண்டு மட்டும்தான் துணை. பின்னால் வருகிறவர் அதையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். சிமெண்ட் வைத்த நண்டு தானாகக் கழன்றதாகச் சரித்திரமே இல்லை. அந்தப் பெருமையிலேயே மனிதனுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

சாலையோரப் பாறை ஒன்றில் அவனுக்குப் பிரியமான வெடிப்பு இருந்தது. நாலு மாடி உயரம்கூட வராது. பாதியில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே வெடிப்பு வாயகன்று, எதைச் செருகினாலும் வழுக்குகிற மாதிரி கிடக்கும். அதையும் தாண்டினால் ஒரு துளை, அதுதான் தபால்பெட்டி. கையை விட்டால் மணிக்கட்டு வரை கச்சிதமாக உட்காரும். நண்டை வைத்தாலும் கச்சிதம்தான். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். நண்டை வைத்துவிட்டால் கைக்குப் போக்கிடம் இல்லை, விரல்நுனியில் தொங்கிக்கொண்டு மேலே போக வேண்டும்.

வாலிபத்தில் சிமெண்ட் பெட்டிக்குள் நண்டை வைத்துவிட்டு விரல்நுனியில்தான் போனான். வயது ஏற ஏற விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதை வெளியில் சொல்ல அவன் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போன வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போன அன்று, பெட்டியைத் தன் கைக்கு வைத்துக்கொண்டு, நண்டைக் கீழே வாயகன்ற இடத்தில் செருகினான்.

கீழே கயிறு பிடித்து நின்ற அவள் கத்தினாள். "அது நிக்காதுங்க! பெட்டில வைங்க!"

"சிமெண்டுக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தான்.

பெட்டியைத் தாண்டியதும் கால் வழுக்கியது. நண்டு கழன்றது. கயிறு அவள் பிடியில்தான் இருந்தது. ஆனால் அடுத்த நண்டு எங்கேயோ கீழே. கயிறு இறுகுவதற்குள் அவன் முதுகு திட்டில் மோதிவிட்டது. கழன்ற நண்டு கயிற்றோடு வழுக்கி வந்து, அவன் இடுப்பு முடிச்சருகே தொங்கியது. அவனைக் கீழே இறக்கியதும், பதற்றத்தில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவனிடம் அவன் அக்கா, "என்னடா ஆச்சு?" என்று அழுதாள்.

"கயிறு நிக்கலக்கா," என்றான்.

மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்று இவள் நினைத்தாள். தெளிந்ததும் சொல்வான் என்று காத்திருந்தாள். தெளிந்தான், சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடக்கிறவனிடம் போய் நியாயம் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்த நண்டைத் தையல் மிஷின் டிராயரில் போட்டு மூடினாள்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர், பாறை ஏறக் கற்றதும் அவரிடம்தான். ஒருநாள் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "இந்த ஞாயித்துக்கெழம நான் தபால்பெட்டி ஏறப் போறேம்பா. உங்க கூட்டாளி டிரைவர் அண்ணன் கயிறு புடிக்கிறாரு," என்றாள்.

"நான் புடிக்கிறேனே," என்றாள் இவள்.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம்மா. ஒரு தடவ பட்டது போதும்."

மகள் அடுத்துச் சொன்னதில் அந்தச் சொல் குத்தியதுகூட இவளுக்கு மறந்துபோனது. "பெட்டிக்குக் கீழ, அப்பா வச்ச எடத்துலதான் நானும் நண்டு வைப்பேன். அப்பா வச்சது நின்னுச்சு, கயிறுதான் நிக்கல."

இவள் ஓடிப்போய் டிராயரைத் திறந்து நண்டை எடுத்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது கழண்டு அப்பா இடுப்புல கெடந்துச்சுடி. பல்லுல கீறல் பாரு."

"எல்லா நண்டுலயும் கீறல் இருக்கும்மா. உங்க மேல தப்பு வரக் கூடாதுன்னு இப்படியா?" மகள் அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுங்கப்பா."

அவன் வாயில் இருந்த சோற்றை வெகுநேரம் மென்றான். "தண்ணி குடு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தானும் வருவேன் என்று அவன் அடம் பிடித்தான், இவளும் கூடப் போனாள். பஸ் ஓட்டுகிற கூட்டாளி அவனைச் சக்கர நாற்காலியோடு பாறையடியில் இறக்கிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெடிப்பில் தோல் உரியாமல் இருக்க மகள் கையில் பிளாஸ்திரி சுற்றி ஏறினாள். திட்டைத் தாண்டி, வாயகன்ற இடத்தில் நண்டைச் செருகி இழுத்துப் பார்த்தாள்.

"பெட்டில வைம்மா! உன் கால்ல விழறேன்!" இவள் கத்தினாள்.

"கத்தாதீங்கம்மா, கவனம் செதறுது!"

மகளின் வலது கை தபால்பெட்டிக்குள் போனது. உடம்பு மேலே எழும்பத் தொடங்கியது. நாற்காலிக் கைப்பிடியை அவன் இறுக்கினான்.

"அதுல வைக்காத!" அவன் குரல் பாறை முழுக்க எதிரொலித்தது. "அது நிக்காது! அன்னைக்கும் நிக்கல! நண்டுதான் கழண்டுது!"

மகள் அப்படியே நின்றாள். மெதுவாக ஒரு எட்டு இறங்கி, இடது கையால் நண்டைப் பிடுங்கி, பெட்டியிலிருந்து வலது கையை எடுத்துவிட்டு நண்டை அதற்குள் வைத்தாள். விரல்நுனியில் இரண்டு எட்டு போனாள், விழுந்தாள். கயிறு வெடுக்கென்று இறுகியது. நண்டு நின்றது. மகள் திட்டுக்கு மேலே அந்தரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தாள்.

இறங்கிய பிறகு அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கயிற்றைச் சுருட்டுவதிலேயே இருந்தாள். இவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மகள் உயிருக்காகத் திறந்த வாய் என் மானத்துக்காக ஒரு வருஷமாகத் திறக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

சாயங்காலம் அவனை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கிப் போட்டாள்.

"உனக்குத்தான் உண்மை தெரியுமே. அது போதாதா?" என்றான்.

"போதாது," என்றாள். நாத்தனாருக்குப் போன் போட்டு அவன் காதில் வைத்தாள். "அவங்ககிட்டயும் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

மறுமுனையில் அக்கா, "என்னடா, உடம்பு எப்படி இருக்கு? அவ ஒழுங்கா பாத்துக்கிறாளா?" என்பது அறைக்குள் கேட்டது.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். பெண்டாட்டியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றான். "சும்மாதான் போட்டேன். சாப்பிட்டியா?"

அவள் போனை வாங்கி வைத்தாள். படுக்கைப் புண் வராமல் இருக்க அவனைப் புரட்டிப் போடும் நேரம் ஆகியிருந்தது. சுவர்ப் பக்கமாகப் புரட்டிப் போட்டுவிட்டு, விளக்கை அணைத்தாள்.