நீலம் ஓடுகிற கறுப்பு

எனக்குக் கல்யாணமான ஒன்பதாம் நாள் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். சண்டைக் காலம் அது. ஆள் எடுக்க வந்தவர்களிடம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பேர் கொடுத்திருக்கிறார். சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மூச்சே விடவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் தலை நிமிரவில்லை. புதுப்பெண் நிமிரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் எதையும் செய்தால் அளவில்லாமல் செய்கிறவள். அவர் பார்த்ததெல்லாம் என் உச்சி வகிடும், முகத்தில் அப்பியிருந்த மஞ்சளும்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பாதிரிமார் வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த புண்ணியத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சுகம், சாப்பாடு, மழை எல்லாம் படித்தேன். கடைசி இரண்டு வரி வந்ததும் வாய் மூடிக்கொண்டது. "உன் முகம் ஞாபகத்துக்கு வரவே மாட்டேன் என்கிறது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு போட்டோக்காரர் வருவாராம். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு எருமையை ஒன்பது நாள் பார்த்தவன்கூட மந்தைக்குள் விட்டால் அடையாளம் சொல்லிவிடுவான். கோபம் ஆறியதும் பயம் வந்தது. முகமே நினைவில்லாதவளுக்காக ஒருவன் எதற்கு அத்தனை தூரம் திரும்பி வர வேண்டும்? அங்கே எந்த ஊரில் எந்தச் சிவப்பி கண்ணில் படுவாளோ. நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. அந்தப் போட்டோ ஒன்றுதான் என்னை அவர் தலைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்க முடியும் என்று முடிவு செய்தேன். அதனால் அந்தப் போட்டோவில் நான் நல்ல நிறமாக விழ வேண்டும். என் புத்தி எந்த இடத்தில் வழுக்கியது என்று கேட்டால், இந்த இடத்தில்தான்.

எங்கள் வீட்டில் ஒரு கைக்கண்ணாடி இருந்தது. உள்ளங்கை அகலம். ஒரு நேரத்துக்கு ஒரு கன்னம்தான் தெரியும். என் முழு முகத்தை நானே பார்த்தது கிடையாது. கணவரை மட்டும் குற்றம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலை மேல். அப்போது அதற்கு ரோடு கிடையாது. விடியும்போது கிளம்பி, அடிவாரத்தில் இருக்கிற காரவள்ளிக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அங்கிருந்து சந்தைக்கு நடக்க வேண்டும். முதல் வாரம் நானும் மாமியாரும் மிளகு சுமந்துகொண்டு போனோம். மாமியார் மிளகை விற்கிற நேரத்தில் நான் வளையல்காரரிடம் போனேன். அவர் தகரப் பெட்டியில் வளையலோடு சாந்து, கண்மை, சீப்பு, முகத்துக்குப் போடுகிற பவுடர் எல்லாம் வைத்திருப்பார். பவுடர் டப்பா இரண்டு இருந்தது. ஒன்று ரோஸ், ஒன்று சந்தனக் கலர். கேட்டால் காகிதத்தில் கொட்டிப் பொட்டலம் கட்டித் தருவார்.

"சந்தனக் கலர் குடுங்க" என்றேன்.

அவர் பவுடரைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டை வெயிலில் காட்டிப் பார்த்தார். வளையல்காரர்களுக்கு முகம் தெரியாது, கைதான் தெரியும்.

"கண்ணு, கறுப்புல ரெண்டு தினுசு இருக்குது. செம்பு ஓடுற கறுப்பு ஒண்ணு, நீலம் ஓடுற கறுப்பு ஒண்ணு. உனக்கு நீலம் ஓடுது. இத பாரு" என்று மஞ்சள் வளையல் ஒன்றை என் கையோடு சேர்த்து வைத்தார். கை பத்து நாள் காய்ச்சலில் கிடந்த கை மாதிரி ஆனது. அதை எடுத்துவிட்டு ஊதா வளையலை வைத்தார். கைக்கு உயிர் வந்தது. "மஞ்சளு, சந்தனம், ஆரஞ்சு எல்லாம் உனக்கு ஆவாது சாமி. ஊதா, நீலம், ரோஸ் இதுகதான் எடுப்பா இருக்கும். பவுடரும் ரோஸையே வாங்கிக்க."

அவர் சொன்னது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஆனாலும் நான் நம்பவில்லை. ரோஸ் டப்பா நிறைய இருந்தது, சந்தன டப்பா பாதி காலியாக இருந்தது. விற்காததை இந்த மலைக்காரி தலையில் கட்டப் பார்க்கிறார் என்று கணக்குப் போட்டேன். சந்தனம் என்றால் மங்கலம். ரோஸ் யார் பூசுவார்கள், துரைசாணி பூசுவாள். ஒரு கைப்பிடி மிளகைக் கொடுத்துச் சந்தனக் கலரையே வாங்கினேன். அவர் மனம் நோகக் கூடாது என்று, சீலை மட்டும் நீலத்தில் கட்டிக்கொள்கிறேன் என்றேன். பாதி புத்தியைக் கேட்டு மீதியைத் தூக்கிப் போடுவது எனக்குப் பிறவிக் குணம். இன்றுவரை வைத்தியர் சொல்கிற மருந்தில் பாதியைத்தான் சாப்பிடுகிறேன்.

அடுத்த சந்தை நாள் வந்தது. மாமியார் கோழி கூப்பிடும் முன் எழுந்து மஞ்சளை உரசினார். பட்டாளத்தில் இருக்கிறவன் பெண்டாட்டி மஞ்சள் இல்லாமல் வாசல்கூடத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். மற்ற நாளில் முணுமுணுப்பேன். அன்றைக்கு நானே இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் பூசிக்கொண்டேன். அதன் மேல் சந்தனப் பவுடர். கண்ணுக்கு மை. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். வழியெல்லாம் வெற்றிலை மென்று உதட்டைச் சிவக்க வைத்துக்கொண்டேன். சீலை பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய வெளிர் நீலம். காரவள்ளியில் எதிரே வந்த ஒரு அம்மா என்னை நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு மஞ்சக் காமாலைங்களா?" என்று மாமியாரிடம் கேட்டது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோக்காரர் புளியமரத்தடியில் முக்காலி மேல் பெட்டியை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பெட்டிக்கு ஒரு துணிக் கை தைத்திருந்தது. அதற்குள் கையை விட்டுத்தான் காகிதத்தைக் கழுவி எடுப்பார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"அம்மா, அந்த வாளியில மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. என் காகிதத்துக்கு மஞ்சளும் செவப்பும் கறுப்பாத்தான் விழும்" என்றார் மாமியாரிடம்.

மாமியார் சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "யாருய்யா நீ? என் மவன் சண்டையில நிக்கறான். அவன் பொண்டாட்டிய மஞ்சளும் பொட்டும் அழிச்சுட்டு வந்து உக்காரச் சொல்றியா? அந்தக் கோலத்த அவனுக்கு அனுப்பச் சொல்றியா?"

போட்டோக்காரர் பாவம், என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் சரியாகியிருக்கும். நான் என்ன செய்தேன்? மஞ்சள் எப்படிக் கறுப்பாக விழும், இவருக்குத் தொழில் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பெட்டிக்கு எதிரே போட்டிருந்த பலகையில் போய் உட்கார்ந்தேன். மாமியார் சாங்கியத்துக்காக அடம் பிடித்தார், அதில் ஒரு நியாயம் உண்டு. நான் அழகுக்காக அடம் பிடித்தேன். மூன்று பூச்சு மஞ்சளும் ஒரு கைப்பிடி மிளகும் வீணாகிவிடுமே என்ற கவலை வேறு.

"ஆடாதீங்க" என்றார். நான் மூச்சையும் நிறுத்தினேன். அவர் மூடியைத் திறந்து, எண்ணி, மூடினார். துணிக்குள் கையை விட்டுத் துழாவினார். அதன் பிறகு ஏதேதோ செய்து, கடைசியில் வாளியில் போட்டு அலசி, ஈரத்தோடு ஒரு காகிதத்தை நீட்டினார்.

மாமியார் வாங்கிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரிச்சட்டி இருந்தது. அதில் இரண்டு வெள்ளை முழி. உதடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. காலணாக் குங்குமம் அந்தக் கறுப்புக்குள் கரைந்து போய், நெற்றி வெறும் நெற்றியாக இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கறுப்பாகிற காகிதத்துக்கு நீலம் வெள்ளையாகிவிடுமாம்; என் நீலச் சீலை அதில் வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தது. வெள்ளைச் சீலை கட்டி, பொட்டில்லாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கோலம் வந்துவிடக் கூடாது என்று மாமியார் கத்தினாரோ, அந்தக் கோலத்தை நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலையிலிருந்து பாடுபட்டுச் செய்து முடித்திருந்தோம்.

"கிழிச்சுப் போடு, கிழிச்சுப் போடு" என்று மாமியார் அழுதார். இன்னொன்று எடுக்கலாம் என்றால் மேகம் இறங்கிவிட்டது. வெளிச்சம் பத்தாது என்று போட்டோக்காரர் பெட்டியை மடக்கினார். மூஞ்சி கழுவாதவர்களுக்கு இனி எடுப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் அதைக் கிழிக்கவில்லை. கிழித்துவிட்டேன் என்று மாமியாரிடம் பொய் சொன்னேன். அடுத்த தடவை பணமும் வெயிலும் போட்டோக்காரரும் எப்போது ஒன்றாகச் சேருமோ, அதற்குள் இருக்கிற கொஞ்ச ஞாபகமும் போய்விட்டால் என்ன செய்வது? எதுவும் இல்லாததற்கு இது மேல் என்று தோன்றியது. கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். "சீலை வெள்ளை இல்லை, நீலம். பொட்டு இருக்கிறது, தெரியவில்லை. நான் இவ்வளவு கறுப்பு இல்லை, கொஞ்சம் குறைவு. நீங்கள் உயிரோடு நலமாக இருக்கிறீர்கள், இதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்." தபாலில் போட்ட பிறகுதான் கடைசி வரியின் அழகு எனக்குப் புரிந்தது.

பதில் வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு மழைக்காலம். சொந்தப் பெண்டாட்டியின் கையாலேயே தாலி அறுந்த படம் போனால் யார்தான் பதில் எழுதுவார்கள் என்று இருந்தது. மாமியார் மகன் பேரில் கோழி நேர்ந்துகொண்டார். கெட்ட சேதி வந்தால் அதற்குக் காரணம் நான்தான் என்று உறுதியாக நம்பினேன். இது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த வருஷம் நான் நிஜமாகவே பயந்து செத்தேன்.

மறு வருஷம் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். மஞ்சள் எல்லாம் வேர்வையில் போய், நெற்றியில் சேறு. பொட்டு இருந்ததா என்றுகூடத் தெரியாது. வரப்பில் ஒரு ஆள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத்தான் அவரை அடையாளம் தெரியவில்லை. ஒன்பது நாளும் தலை குனிந்திருந்தவளுக்கு அவர் காலைத் தவிர வேறென்ன தெரியும்? அந்தக் காலையும் பூட்ஸுக்குள் வைத்திருந்தார்.

"ஏம் புள்ள, நாந்தான்" என்றார்.

எனக்கு முதலில் தோன்றியது, ஓடிப் போய் முகத்துக்கு ஏதாவது பூச வேண்டும் என்பதுதான். வாய்க்கால் பக்கம் திரும்பினேன். "எங்க போற? நில்லு" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏனுங்க, என் மூஞ்சி ஞாபகம் இருந்துதுங்களா?"

"சுத்தமா மறந்து போச்சு. கண்ண மூடுனா மூக்குத்தி மட்டும் வரும், மூஞ்சி வராது. அப்பத்தான், பதில் போட வழியில்லாத எடத்துல கெடக்கறப்ப, நீ அனுப்புன போட்டோ வந்துச்சு."

நான் சாமைக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

"பாத்தவுடனே, 'இது அவ இல்லடா'ன்னு கத்திட்டேன். பக்கத்துல படுத்திருந்தவன், 'அப்பறம் அவ எப்பிடி இருப்பா, சொல்லு'ன்னான். கறுப்புன்னேன். என்ன மாதிரி கறுப்புன்னு கேட்டான். அதச் சொல்ல ஆரம்பிச்சேன் புள்ள. சொல்லச் சொல்ல நீ வந்துட்ட. சொல்லி முடிக்க எனக்கு ரெண்டு நாளாச்சு."

அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். அந்த வரிசை முடிகிற வரைக்கும் களையை விட்டுவிட்டுச் சாமையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனேன். அவரும் நான் பிடுங்கிப் போட்டதைப் பொறுக்கிக்கொண்டே பின்னாலேயே வந்தார்.