வெள்ளிமலைக்குப் போகும் தூக்குச்சட்டி

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை, வெள்ளிமலையில் என் மனைவி குடியிருக்கும் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது என் மனைவி இல்லை.

முப்பது வயதிருக்கும். நர்ஸ் உடை. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"யாருங்க வேணும்?"

"கலா டீச்சர்..."

"அவங்க காலி பண்ணிக்கினு போயி மூணு வாரம் ஆவுதுங்களே!"

சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்தார். கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. அவர் முகம் மலர்ந்தது.

"ஐய... இந்தத் தூக்குச்சட்டி! கொழம்பு நீங்கதான் அனுப்புறீங்களா? வாடகைக்கு வுட்ட வூட்டுக்காரரு சங்கராபுரத்துல இருக்காரு, அவருதான் அனுப்புறாருன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்! ரொம்ப நல்லா இருந்துச்சிங்க."

கையில் இருந்த சட்டியை நானும் ஒரு முறை பார்த்தேன்.

புரியவில்லை அல்லவா? முதலில் இருந்து சொல்கிறேன்.

எனக்கு ஊர் சங்கராபுரம். மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கலா அரசுப் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் இடமாறுதலில் வெள்ளிமலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி பக்கத்திலேயே இடம் காலியாக இருந்தது. ஏன் மலைக்குப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஹெட்செட்டில் இருந்தேன்.

ஆரம்பத்தில் சனிக்கிழமை தோறும் வருவாள். அப்புறம் மாதம் ஒரு முறை. அப்புறம்... பேப்பர் திருத்த வேண்டும், பயிற்சி இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவாவது இரண்டு பேர் பேச வேண்டுமே!

எங்களுக்குள் மிச்சம் இருந்தது ஒரு குழம்பு. புதன்கிழமை காலையில் கருணைக்கிழங்கு போட்டு நானே புளிக்குழம்பு வைத்து, மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுப்பேன். அங்கே அவள் வீடு ரோட்டு ஓரம். டிரைவர் ஹாரன் அடிப்பார், கதவு திறக்கும், சட்டி கை மாறும். வெள்ளிக்கிழமை அதே பஸ்ஸில் சட்டி திரும்பி வரும். கழுவி, துடைத்து, காலியாக.

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது போடுவார்கள். கலா போட மாட்டாள். அது ஒரு கோபம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் திடீரென்று சட்டிக்குள் இரண்டு கொய்யா வந்தது! அடுத்த வாரம் ஒரு பிடி சாமை அரிசி. மூன்றாவது வாரம் வாழை இலையில் சுருட்டிய பலாச்சுளை. சமையலறையில் தனியாக நின்று ஒவ்வொரு சுளையாகத் தின்றேன். கோபம் தணிந்துவிட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம். நேரில் போய் 'வீட்டுக்கு வந்துவிடு' என்று கேட்டுவிடலாம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

கொய்யாவும் சாமையும் பலாவும் நர்ஸம்மா போட்டது.

அவரே வழி சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புது வீடு. கலா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை.

"வீடு மாறினதைச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"ரெண்டு வாட்டி சொன்னேன். ஞாயித்துக்கெழம சாமான் மாத்துறேன், வாங்கன்னு. 'ம், சரி'ன்னீங்க. மத்தியானம் வரைக்கும் ரோட்ட பாத்துக்கினு இருந்தேன். அப்புறம் ஜீப்ப வெச்சி நானே ஏத்திக்கினு வந்துட்டேன்."

"குழம்பு வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"வூடு மாத்தவே வரல. கொழம்பும் நின்னு போச்சின்னு நெனச்சிக்கினேன். இதுல கேக்க இன்னா இருக்குது?"

டீ கொடுத்தாள். கேட்க நினைத்ததை எந்த வாயால் கேட்பது? குடித்துவிட்டு, கொண்டுபோன சட்டியைக்கூடக் கொடுக்காமல் கிளம்பினேன்.

இனி கொஞ்சம் என் தொழில். பயப்படாதீர்கள்.

பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் பல கம்ப்யூட்டர்களைக் குடிவைப்போம். பெரியது வீட்டுக்காரர், உள்ளே இருப்பவை விருந்தாளிகள். விருந்தாளி 'என் சரக்கை ஐந்தாம் அறையில் வை' என்று தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும். நிஜத்தில் அது எந்த அறை என்பது வீட்டுக்காரர் பட்டியலில்தான் இருக்கும். சரக்கு கொண்டுவரும் கருவி பார்ப்பது இந்த இரண்டாவது பட்டியலை. எங்கள் கண்டக்டர் மாதிரி.

விருந்தாளி அறையைக் காலி செய்தால் தகவல் அனுப்பும். வீட்டுக்காரர் பழைய வரியை அடித்துவிட்டு, அப்புறம்தான் 'ஆயிற்று' என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் சரக்கு பழைய அறைக்கே போகும். அங்கே வேறு யாரோ இருப்பார்கள். கருவியோ 'சேர்த்துவிட்டேன்' என்று நல்ல பிள்ளையாகச் சொல்லும்.

ஒரு மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த கோளாறு இதுதான். ஒருவருடைய தகவல் இன்னொருவர் இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. கலா வீடு மாறுவதாகப் போனில் சொன்னபோது, நான் அந்தக் கோளாறைப் பற்றிய மீட்டிங்கில்தான் இருந்தேன்!

மலையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது, ஜன்னலோரம் மடியில் சட்டியோடு உட்கார்ந்திருந்தவனுக்குப் பளிச்சென்று பட்டது. பழைய வரியை அடிப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் 'ம், சரி' என்று சொல்லிவிடுகிறாரோ?

திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். அதேதான். பதில் முதலில், வேலை பிறகு. வரிசையை மாற்றினேன். சரியாகிவிட்டது. மீட்டிங் திரையில் கூட வேலை பார்க்கும் எட்டு பேர் கை தட்டினார்கள். ஹெட்செட்டைக் கழற்றினேன். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் அழுதேன்... சொல்வதில் என்ன வெட்கம்?

புதன்கிழமை கண்டக்டரிடம் புது வீட்டு அடையாளத்தை மூன்று முறை சொன்னேன். சாயங்காலம் ஹெட்செட் இல்லாமல் போன் செய்து, "வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சி" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஒரு நிமிடம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சட்டி திரும்பி வந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே, நின்ற இடத்திலேயே திறந்து பார்த்தேன்.

காலி. ஆனால், இந்த முறை சரியான வீட்டிலிருந்து.